வழித்துணை: ஹானா சாலைக்கு வேனா, வாடகைக் காரா?

சென்ற இதழில் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மௌயியைப் பற்றி எழுதும்போது, அங்குள்ள ஹானா கடலோரச் சாலையைப் பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்க அந்தச் சாலைதான்.

சான் ஹோசேயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து எல்லோரும் மௌயி போவதாக ஏற்பாடு. ஹானா சாலையில் தானே கார் ஓட்டுவேன் என்கிறார் மாப்பிள்ளை. வழிகாட்டியோடு போகும் வேன்தான் சரி என்கிறாள் மகள். தீர்ப்பு உங்களுடையது.
– ஒரு வாசகர், கோவை

நான் மகள் பக்கம். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விமான நிலையம் இருக்கும் கஹுலுயியிலிருந்து ஹானா 52 மைல், அதாவது 84 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம் ஆகும். காரணம், வழியில் சுமார் 620 வளைவுகள், 59 பாலங்கள். அந்தப் பாலங்களில் 46 ஒருவழி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் நின்றே ஆக வேண்டும். இந்தச் சாலையில் ஓட்டுகிறவர் பார்ப்பது அடுத்த வளைவையும், அதில் திடீரென்று முளைக்கும் காரின் முகப்பையும்தான். பின் இருக்கையில் நீங்கள் எல்லோரும் "அதோ அருவி, அதோ அருவி" என்று கூவிக்கொண்டிருக்க, அவர் மட்டும் சாலையையே பார்த்தபடி வருவார். சாயங்காலம் திரும்பி வரும்போது அவர் முகத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒருவழிப் பாலத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கே ஒரு மரியாதை உண்டு. பாலத்துக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஐந்தாறு வண்டிகள் தொடர்ந்து வந்தால் அந்த வரிசை முடியும்வரை விட்டுவிட வேண்டும். அப்புறம் நம் பக்கத்து வரிசை போகும். நடுவில் மூக்கை நுழைப்பதும் கிடையாது, ஹாரன் அடிப்பதும் கிடையாது. வழிவிட்டவருக்குக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, மற்ற மூன்றையும் மடக்கி, கையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். 'ஷாக்கா' என்பார்கள். வேன் ஓட்டும் உள்ளூர்க்காரர் ஒவ்வொரு பாலத்திலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கி இதைச் செய்வார். எதிரே வருகிறவரும் செய்வார். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவாகவோ பள்ளித் தோழராகவோ இருப்பார்கள்; நம் ஊர் மினி பஸ் டிரைவர்களைப் போலத்தான்.

அடுத்தது செலவு. வேன் பயணத்துக்கு ஆளுக்கு 200 டாலரும் அதற்கு மேலும் ஆகும். காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் அதில் அடங்குமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் தருவது அங்கே வழக்கம். நாலு பேர் என்றால் நிச்சயம் கையைக் கடிக்கும். வாடகைக் கார் மிகவும் மலிவு. மாப்பிள்ளை அமெரிக்காவில் மலைச்சாலை ஓட்டிப் பழகியவராக இருந்து, காலை 6 மணிக்கே கிளம்பவும் ஒத்துக்கொண்டால், அவர் ஓட்டுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. பாயியா ஊரிலேயே பெட்ரோலை நிரப்பிவிடச் சொல்லுங்கள். அதற்கப்புறம் ஹானாவில்தான் பங்க்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கே என் மனைவி இரண்டு பாலிதீன் பை நிரப்புவாள். 620 வளைவு என்று படித்ததிலிருந்து "நீங்கள் மட்டும் போங்கள்" என்கிறாள். என்ன செய்யலாம்?
– வாசகர், நாமக்கல்

அழைத்துக்கொண்டு போங்கள். எண்ணிக்கை பயமுறுத்துகிறதே தவிர, இவை கொண்டை ஊசி வளைவுகள் அல்ல. கொல்லிமலையில் வண்டி செங்குத்தாக ஏறிக்கொண்டே திரும்பும். இங்கே சாலை பெரும்பாலும் கடலுக்கு மேலே மலையின் இடுப்பைச் சுற்றியே போகிறது. ஒவ்வொரு ஓடையும் மலையை வெட்டியிருக்கும் இடத்தில் உள்ளே வளையும், பாலத்தைத் தாண்டும், மறுபடி வெளியே வளையும். வேகமும் பல இடங்களில் மணிக்கு 15, 20 மைலுக்கு மேல் போகாது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எங்காவது இறங்கி நிற்கவும் செய்வார்கள்.

பதிவு செய்யும்போதே "வாந்தி வரும், முன் இருக்கை வேண்டும்" என்று வெட்கப்படாமல் எழுதிவிடுங்கள். பெரிய பஸ்ஸைத் தவிர்த்துச் சின்ன வேன் வைத்திருப்பவர்களைப் பிடியுங்கள். மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. காலையில் வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. செல்போனில் படம் எடுத்துவிட்டு அதை அங்கேயே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கெடுதல். கண் வெளியே இருக்கட்டும்.

இருக்கை பற்றி இன்னொன்று. போகும்போது கடல் உங்களுக்கு இடப்பக்கம், அருவிகள் வலப்பக்கம். அமெரிக்காவில் வலப்பக்கம்தான் வண்டி போகும் என்பதால், போகும்போது வேன் மலையை ஒட்டிச் செல்லும். திரும்பி வரும்போது கடல் விளிம்பில் வரும். உயரம் பார்த்தால் பயப்படுகிறவர்கள் திரும்பும்போது மலைப்பக்கமாக உட்காரலாம்.

ஒரு பட்டியலில் 'இரண்டாம் மைலில் அருவி' என்று இருக்கிறது. இன்னொன்றில் அதே அருவி பதினெட்டாம் மைல் என்று போட்டிருக்கிறது. எது சரி?
– வாசகி, சிங்கப்பூர்

இரண்டும் சரி! கஹுலுயியிலிருந்து கிளம்பும்போது அது 36-ஆம் எண் நெடுஞ்சாலை. 16 மைல் போனதும் அது முடிந்து 360-ஆம் எண் சாலை தொடங்குகிறது. மைல்கற்கள் அங்கே மறுபடியும் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். நீங்கள் சொல்லும் ட்வின் ஃபால்ஸ் அந்தப் புது எண்ணிக்கையில் இரண்டு. ஹானாவைத் தாண்டினால் இன்னொரு கூத்து: எண் 51-க்குத் தாவி, அங்கிருந்து இறங்குமுகமாகக் குறைந்துகொண்டே வரும். வேனில் போனால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை.

வழியில் வருவதையும் சொல்லிவிடுகிறேன். பாயியா, ஒரு காலத்தில் கரும்பாலை ஊர். அதை அடுத்து ஹோக்கிபா கடற்கரை, காற்றுப் பாய்மரப் பலகையில் சறுக்குகிறவர்களுக்கு உலகப் புகழ் பெற்றது. பெரிய கடலாமைகள் மணலில் ஏறி வந்து படுத்திருக்கும். பக்கத்தில் போகக் கூடாது. ஏழாம் மைல் அருகே வானவில் யூகலிப்டஸ் மரங்கள்: பட்டை உரிய உரிய உள்ளே பச்சை தெரியும், அது நாள்பட நீலம், ஊதா, ஆரஞ்சு என்று மாறும். மரம் நிற்பது தனியார் நிலத்தில், அதனால் வேலி தாண்டாதீர்கள். பன்னிரண்டில் கௌமஹினா என்ற சாலையோரப் பூங்கா, அங்கே கழிப்பறை உண்டு. அதை வீணாக்காதீர்கள், அடுத்தது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பதினாலில் ஹொனொமனூ விரிகுடா. பதினாறைத் தாண்டியதும் கேயனாய்.

கேயனாயில் வேனை விட்டு இறங்கி நில்லுங்கள். ஹலேயகலா எரிமலையிலிருந்து வழிந்து வந்த குழம்பு கடலுக்குள் நீண்டு உறைந்து, தட்டையான நாக்குபோல் ஒரு தீபகற்பமாகியிருக்கிறது. மூன்று பக்கமும் கன்னங்கரேல் என்று கல், அதில் மோதி வெள்ளையாய்ச் சிதறும் அலை. கல்மேல் மண் எங்கிருந்து வந்தது? ஒரு தலைவனின் கட்டளைப்படி மக்கள் மலையிலிருந்து கூடை கூடையாய்ச் சுமந்து வந்து கொட்டினார்கள் என்பது ஊர்க்கதை. அந்த மண்ணில் இன்றும் பாத்தி பாத்தியாகச் சேம்பு நிற்கிறது. 1946 ஏப்ரல் 1-இல் வந்த சுனாமி ஊரை வாரிக்கொண்டு போனது. 1860-இல் கட்டிய கல் தேவாலயம் மட்டும் நின்றது. இப்போதும் நிற்கிறது.

நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. வழியில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா, கட்டுச்சாதம் கொண்டுபோக வேண்டுமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பசியோடு திரும்ப மாட்டீர்கள். ஆனால் எல்லோரும் புகழும் வாழைப்பழ பிரெட் உங்களுக்கு ஆகாது, அதில் பெரும்பாலும் முட்டை இருக்கும். கேட்காமல் வாங்க வேண்டாம். பழக்கடைகள் சாலையோரம் உண்டு. இளநீர், அன்னாசி, கொய்யா, 'லிலிகோய்' என்று அவர்கள் சொல்லும் பாஷன் பழம் எல்லாம் கிடைக்கும். சில கடைகளில் ஆளே இருக்க மாட்டார்கள். ஒரு பெட்டி, அதில் துவாரம், பக்கத்தில் விலை எழுதிய அட்டை. காசைப் போட்டுவிட்டுப் பழத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை டாலர் நோட்டு கையில் வைத்திருங்கள். வேன்காரர்கள் தரும் மதிய உணவில் சைவம் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே 'மீன் கிடையாது, முட்டை கிடையாது' என்று பிரித்துச் சொல்லுங்கள். அங்கே பலருக்கு மீன் சைவக் கணக்கில்தான் வரும்.

ஒரு பொருளை மட்டும் அவசியம் ருசி பாருங்கள்: 'போய்'. சேப்பங்கிழங்கை வேகவைத்து, கல்லால் இடித்து, தண்ணீர் சேர்த்துப் பிசைந்த கூழ். இளம் ஊதா நிறம். அன்றே செய்ததானால் சப்பென்று லேசான இனிப்பு. இரண்டு மூன்று நாள் போனால் நம் பழைய சோறு மாதிரி புளிப்பேறும். பழக்கப்பட்டவர்களுக்கு அதுதான் பிடிக்கும். என் ஓட்டும் புளித்ததற்கே. உப்பு இருக்காது. ஒரு ஊறுகாய் பாக்கெட் பையில் இருந்தால் நான் தடுக்க மாட்டேன்.

நாம் வறுவலுக்கு வாங்கும் அதே இனச் சேம்புதான் அது. ஹவாயில் முதலில் குடியேறிய பாலினேசியர்கள் ஓடங்களில் கொண்டுவந்து நட்டது. அதே கடலோரத்தில் பூவரசும் புன்னையும்கூடப் பார்ப்பீர்கள். ஹவாய்க்காரர்களின் கதைப்படி, விண் தந்தைக்குப் பிறந்த முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. அதைப் புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு. இரண்டாவது பிள்ளை மனிதன். ஆகவே சேம்பு அவர்களுக்கு அண்ணன். 'போய்' கிண்ணம் திறந்திருக்கும்போது வீட்டில் சண்டை போடக் கூடாது என்று ஒரு பழைய வழக்கமும் உண்டு. கோவை வாசகர் குடும்பம் இதைக் கவனிக்கவும்.

மாம்பழம் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஹவாயிலிருந்து அமெரிக்க நிலப்பரப்புக்கு விமானம் ஏறும்போது விவசாயச் சோதனை உண்டு, அதில் பிடுங்கிவிடுவார்கள்.

லஹைனா தீக்குப் பிறகு உள்ளூர்க்காரர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கண்டாலே பிடிப்பதில்லை என்று என் அண்ணன் மகன் சொல்கிறான். போவது முறையா?
– வாசகர், டொராண்டோ

2023 ஆகஸ்டில் எரிந்த லஹைனா தீவின் மேற்கில் இருக்கிறது. ஹானா கிழக்குக் கோடி. அங்கே தீ வரவில்லை. ஆனாலும் உங்கள் அண்ணன் மகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தீக்கு முன்பிருந்தே இந்தச் சாலையில் மனக்கசப்பு உண்டு.

ஹானா ஏறத்தாழ 1,500 பேர் வாழும் ஊர். பெரிய மருத்துவமனைக்கு அவர்கள் பெரும்பாலும் இந்தச் சாலையில்தான் வர வேண்டும். முன்னால் ஒரு வாடகைக் கார் பாலத்தின் நடுவில் நின்று அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துகிறவர்கள் அதிகமாகி, 35 டாலர் அபராதத்தோடு இன்னும் 200 டாலர் கூடுதலாகப் போடுகிறார்கள். பின்னால் உள்ளூர் வண்டி வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். நான் வேன் பக்கம் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு காருக்குப் பதில் ஒரு வேன், அதை ஓட்டுகிறவருக்கு எங்கே நிற்கலாம் என்று தெரியும், கூலியும் தீவிலேயே தங்கும்.

தண்ணீர்க் கதையையும் வழிகாட்டியிடம் கேளுங்கள். 1870-களில் கரும்பு முதலாளிகள் இந்தக் கிழக்கு மௌயி ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, வறண்ட நடுத் தீவின் கரும்புக்குக் கொண்டுபோனார்கள். சேம்புப் பாத்திக்குக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் குறைந்து நீர் சூடானால் கிழங்கு அழுகும். அதனால் கீழே இருந்த சேம்பு விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். ஹவாயின் கடைசிக் கரும்புத் தோட்டம் 2016 இறுதியில் மூடப்பட்டது. 2018-இல் மாநில நீர்வள ஆணையம் பல ஓடைகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட உத்தரவிட்டது. நாம் பாலத்திலிருந்து பார்க்கும் அருவி ஒரு காலத்தில் வாய்க்காலில் போன தண்ணீராக இருக்கலாம். காவிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அருவியில் குளிக்கலாமா? நீச்சல் தெரியும்.
– வாசகர், தென்காசி

குற்றாலத்துக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வழிகாட்டி இறங்கலாம் என்று காட்டும் குளத்தில் இறங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் விவாதிக்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டி, சில நிமிடத்தில் வெள்ளம் இறங்கும். நீர் கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். உடம்பில் ஆறாத காயம் இருந்தால் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அந்த ஓடைகளிலும் உண்டு. ஹானா தாண்டி கிபஹுலுவில், ஹலேயகலா தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஓஹேயோ குளங்களைப் பழைய விளம்பரங்களில் 'ஏழு புனிதக் குளங்கள்' என்று போட்டிருப்பார்கள். ஏழும் கணக்கல்ல, புனிதம் என்பதும் சுற்றுலாவுக்கு வைத்த பெயர். பாறை விழுதலும் வெள்ளமும் காரணமாக அங்கே குளிப்பதற்குத் தடை போடுவது அடிக்கடி நடக்கும்.

அந்தப் பூங்காவிலிருந்தே மூங்கில் காட்டுக்குள் ஒரு நடைபாதை போகிறது. போய்வர நாலு மைல், முடிவில் 120 மீட்டர் உயர அருவி. வேன் பயணத்தில் அதற்கு நேரம் தர மாட்டார்கள். அது வேண்டுமென்றால் ஹானாவில் ஒரு இரவு தங்கித்தான் ஆக வேண்டும். ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

முப்பத்திரண்டாம் மைலில் கருப்பு மணல் கடற்கரை, வாயானாபனாபா. வெளியூர்க்காரர்கள் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். வேன்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். அங்கே அலை முரடு, கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

ஹவாயில் சிவன் கோயில் இருக்கிறதாமே, அதே நாளில் பார்த்துவிடலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

முடியாது. அது கவாயி என்ற வேறு தீவில் இருக்கிறது, விமானம் ஏற வேண்டும். அமெரிக்கத் துறவியான சிவாய சுப்பிரமுனியசுவாமி அமைத்த ஆதீனத்தின் இறைவன் கோயில். பெங்களூரு அருகே கருங்கல் தச்சர்கள் கையால் செதுக்கி, கப்பலில் கொண்டுபோய் அடுக்கியது. 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. பார்வையாளர்களுக்குக் காலை நேரம்தான், முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். அதற்குத் தனியாக இரண்டு நாளாவது ஒதுக்கினால் நல்லது.

எந்த மாதம் போகலாம்? மழை பெய்தால் பயணம் வீணா?
– வாசகர், சென்னை

மழை பெய்யாத மாதம் அந்தப் பக்கம் கிடையாது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று ஹலேயகலாவில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டுவதால்தான் அங்கே காடும் அருவியும் இருக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை கொஞ்சம் அதிகம். ஆனால் அதே குளிர்காலத்தில் கடலில் கூனல் முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். நான் மழைக்கே ஓட்டுப் போடுவேன். மண் சரிந்து சாலையை மூடினால் வேன்காரர்களே ரத்து செய்வார்கள். பணம் திரும்பி வருமா என்பதை மட்டும் முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

என் பேரன் கருப்பு மணல் கடற்கரையிலிருந்து ஒரு கூழாங்கல் கொண்டுவரச் சொல்கிறான். ஒரே ஒரு கல்தானே?
– ஒரு பாட்டி, காரைக்குடி

எடுக்காதீர்கள் ஆச்சி. ஹவாயில் கடற்கரை மணலையும் கல்லையும் எடுத்துப்போவதைச் சட்டம் தடுக்கிறது. அதோடு, கல்லை எடுத்துப்போனவர்களை எரிமலைத் தெய்வம் பெலே விடாது என்று பயந்து, தபாலில் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. ஹானாவில் ஹசேகாவா என்றொரு பலசரக்குக் கடை இருக்கிறது, 1910-இல் ஆரம்பித்தது. தூண்டில் முள், ரப்பர் செருப்பு, அரிசி மூட்டை எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்பார்கள். வேன் அங்கே நின்றால் பேரனுக்கு ஒரு பனியன் வாங்குங்கள். அளவு அமெரிக்கக் கணக்கு, ஒரு சைஸ் குறைத்து எடுங்கள்.